நகரின் ஆண்டுக் கணக்கும் உயிர்க் கணக்கும்

(நகர நிர்வாகம் பயில்வோரிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு மாநகராட்சியின் ஆணையர், தம் நிர்வாகத்தின் ஓராண்டுப் பணிகளைத் தொகுத்து மன்றத்தின் முன் வைப்பது நீண்ட நாளைய வழக்கம். அத்தகைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருப்பதைக் காண்பார்கள். இத்தனை கிலோமீட்டர் சாலை புதுப்பிக்கப்பட்டது, இத்தனை தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன, தீயணைப்பு நிலையங்களுக்கு இத்தனை அழைப்புகள் வந்தன, இத்தனை கட்டடங்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது என்று பத்தி பத்தியாகச் செல்லும். பொதுமக்களின் பாதுகாப்பு என்ற தலைப்பும் தவறாமல் அதில் இடம்பெறும். ஆனால் அந்த ஆண்டில் அந்நகரில் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இறந்திருக்க வேண்டியதில்லை என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் அங்கே எழுவதில்லை.

பொதுப் பாதுகாப்பு என்றதும் காவல் துறையே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அரசியல் சட்டத்தின்படி காவல் துறை மாநில அரசின் பொறுப்பு; மாநகராட்சி ஆணையருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எனினும் ஆணையரின் கையில் உள்ள பாதுகாப்புப் பொறுப்பு சிறியதன்று. 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணை ஒன்றைச் சேர்த்து, நகராட்சி அமைப்புகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைக் குறிப்பிட்டது. பொதுச் சுகாதாரம், குடிநீர், தீயணைப்பு, பூங்காக்கள், குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவை அதில் உண்டு. இடுகாடுகளும் சுடுகாடுகளும் உண்டு. அட்டவணையின் கடைசிப் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் இனமும் உண்டு: பிறப்பு, இறப்புப் பதிவு உள்ளிட்ட உயிர்நிலைப் புள்ளிவிவரம். சாலை போடுவதையும் குழாய் பதிப்பதையும் போலவே, இறந்தவர்களைக் கணக்கெடுப்பதும் நகராட்சியின் பணிதான். அந்தப் பதிவேட்டை ஒரு நகரம் உற்று நோக்கியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு அகமதாபாத்தின் அனுபவம் நல்ல சான்று.

பதிவேடு சொன்ன செய்தி

அகமதாபாத் மாநகராட்சி எல்லையில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 55 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். கோடை வெயில் அந்நகரத்தாருக்குப் புதியதன்று. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அங்கே ஒரு செய்தியாகவே கருதப்படுவதில்லை. வெயிலோடு வாழக் கற்றவர்கள் என்ற பெருமையும் அவர்களுக்கு உண்டு. பழைய நகரத்தின் 'போள்' எனப்படும் குறுகிய சந்துகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று நிழல் தருவதும், தெருமுனைகளில் 'பரப்' என்னும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைவதும் அந்த அனுபவத்தின் அடையாளங்களே.

2010 மே 21 அன்று அங்கே வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த வாரத்தில் மருத்துவமனைகளில் கூட்டம் மிகுந்தது, மயானங்களிலும் மிகுந்தது. வெயிலின் தாக்குதலால் இறந்தோர் என்று மருத்துவமனைகள் குறித்த எண்ணிக்கையோ மிகச் சிறியதாகவே இருந்தது. பருவமழை வந்தது, வெயில் தணிந்தது, பேச்சும் தணிந்தது. அந்த ஆண்டின் கணக்கை வழக்கமான முறையில் எழுதி முடித்திருந்தால், கடுமையான கோடை ஒன்று வந்து போயிற்று என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது.

பின்னர் மாநகராட்சியும் காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் எளிய காரியத்தைச் செய்தனர். வெயிலால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதை விடுத்து, எக்காரணத்தாலாயினும் இறந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டனர். 2010 மே மாதத்தில் பதிவான இறப்புகள் 4,462. அதற்கு முந்தைய ஆண்டிலும் பிந்தைய ஆண்டிலும் அதே மாதத்தில் பதிவானவற்றின் அடிப்படையில் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 3,118. ஆக, 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தனர். அதாவது 43 விழுக்காடு மிகுதி. 2014இல் வெளியான இந்த ஆய்வுக்காகப் புதிதாக எவரும் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரிக்கவில்லை. எல்லாம் மாநகராட்சியின் சொந்த அலுவலகத்தில், சொந்த எழுத்தர்கள் எழுதி வைத்த பதிவேட்டிலேயே இருந்தன.

ஓராயிரத்துக்கு மேற்பட்டோரின் இறப்பு ஒரு மாநகரத்தில் எவ்வாறு கண்ணில் படாமல் போகும்? நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்து 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே அறிந்த துயரம் அது. விசாரணைகள் நடந்தன, கட்டட விதிகள் பேசப்பட்டன. வெயிலில் இறந்தவர்களோ அதைவிட அதிகம். ஆயினும் அவர்கள் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் இறக்கவில்லை. ஒருவர் கட்டட வேலையிலிருந்து திரும்பி வந்து படுத்தவர் எழவில்லை. இன்னொருவர் ஏற்கெனவே இதய நோயாளி. மற்றொருவர் தகரக் கூரையின் கீழ் பகல் முழுவதும் தனியே கிடந்த முதியவர். இவர்களுடைய சான்றிதழில் மாரடைப்பு என்றோ, சிறுநீரகக் கோளாறு என்றோ, மூப்பு என்றோதான் எழுதப்படும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்கச் சொல்கிறது. இறப்பின் காரணத்தை மருத்துவர் சான்றளிக்கவும் வகை செய்கிறது. ஆனால் வீட்டிலேயே நேரும் இறப்புகளில் காரணம் தெளிவாகப் பதிவாவது அரிது. மருத்துவமனையில் நேர்ந்தாலும், உடல் வெப்பநிலையை உடனே அளந்து குறிக்காவிட்டால் வெயிலின் பங்கை எவரும் நிறுவ முடியாது. எழுத்தர் பிழை செய்யவில்லை. மருத்துவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளும் தன்னளவில் சரியே. தாள்களைச் சேர்த்துப் படித்தால்தான் செய்தி புலப்படும்.

மேல்மாடியிலிருந்த வார்டு

அதே 2010 கோடையில் அகமதாபாத் மாநகராட்சியின் மருத்துவமனை ஒன்றில் நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிர்வாகத் துறையினர் நினைவில் இருத்தத்தக்க நிகழ்ச்சி அது. அங்கே பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் வெப்பத்தால் நலிவுற்றுச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 24. முந்தைய ஆண்டில் அது 8. அடுத்த ஆண்டில் 4. வெப்பம் 42 டிகிரியைக் கடந்த பின் ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் இத்தகைய சேர்க்கை 43 விழுக்காடு கூடியதை ஆய்வு காட்டிற்று.

இக்குழந்தைகள் வெயிலில் திரிந்தவர்கள் அல்லர். பிறந்து சில நாட்களே ஆனவர்கள், மருத்துவமனைக்குள்ளேயே இருந்தவர்கள். பிரசவ வார்டு கட்டடத்தின் மேல்மாடியில் அமைந்திருந்தது. பகல் முழுவதும் காய்ந்த மொட்டைமாடியின் வெப்பம் நேரே கீழே இறங்கிற்று. 2010க்குப் பிறகு வார்டு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. சேர்க்கை குறைந்ததில் இந்த மாற்றத்துக்குத் தனியாகவே பங்கு உண்டு என்பதும், வெப்பநிலை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் அது நிற்கிறது என்பதும் ஆய்வில் தெளிவாயின. கட்டிலும் தொட்டிலும் சில தளங்கள் கீழே இறங்கின, அவ்வளவுதான். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, சேர்க்கைப் பதிவேட்டில் மாதவாரியாகக் கூட்டல் போட்டுப் பார்த்த ஒருவரின் கவனம்.

இதை ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? மருத்துவமனை நிர்வாகமா, கட்டடப் பராமரிப்பா, பொதுப் பாதுகாப்பா? தலைப்பு இல்லாத காரணத்தாலேயே இத்தகைய செயல்கள் எழுதப்படாமல் போகின்றன. எழுதப்படாதவை அடுத்த நகரத்துக்குப் போய்ச் சேருவதுமில்லை.

திட்டம் செயல்பட்ட விதம்

2013இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தெற்காசிய நகரங்களில் இதுவே முதலாவது என்று கருதப்படுகிறது. மாநில அளவில் ஒடிசா முன்னரே இத்துறையில் இறங்கியிருந்தது. 1998ஆம் ஆண்டின் கோடையில் 2,000க்கும் மேற்பட்டோரை அம்மாநிலம் இழந்திருந்தது.

அகமதாபாத் திட்டத்தின் அடிப்படை சிக்கலானதன்று. எதிர்வரும் நாட்களின் வெப்பநிலை முன்கூட்டியே கணிக்கப்படுகிறது. 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐ எட்டினால் சிவப்பு என எச்சரிக்கை நிலைகள் வகுக்கப்பட்டன. இந்த எல்லைகள் வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டவை அல்ல. அந்நகரின் இறப்புப் பதிவையும் வெப்பநிலைப் பதிவையும் ஒப்புநோக்கி வகுக்கப்பட்டவை. பதிவேடு இங்கே மீண்டும் உதவிற்று.

முன்னறிவிப்பு வந்தவுடன் மாநகராட்சியின் சுகாதாரத் துறையைச் சார்ந்த பொறுப்பு அதிகாரி ஒருவர் மற்றத் துறைகளுக்கெல்லாம் செய்தி அனுப்புகிறார். யார், யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். எனினும் பல நகரங்களில் நெருக்கடிக் காலத்தில் முதல் சில மணி நேரம், யார் ஆணை பிறப்பிப்பது என்ற கடிதப் போக்குவரத்திலேயே கழிந்துவிடுகிறது என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். 108 அவசர ஊர்திகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தகவல் போகிறது. பனிக்கட்டிப் பைகளும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் கைவசம் வைக்கப்படுகின்றன. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கோடை தொடங்குமுன் பயிற்சி தரப்படுகிறது. மயங்கி விழுந்தவரின் உடல் வெப்பத்தை முதலில் அளக்க வேண்டும் என்பது அதில் ஒரு பாடம்.

சமூகத்தின் கையிருப்பு

அகமதாபாத் திட்டத்தில் செலவுக் கணக்கில் வராத பகுதிதான் பெரியது. ஒரு நகரத்தின் வளம் என்பது கருவூலத்தில் உள்ள பணம் மட்டுமன்று. பூட்டிக் கிடக்கும் பூங்கா ஒரு வளம். வழக்கமாக நண்பகலில் மூடப்படும் மாநகராட்சிப் பூங்காக்களைக் கடும் வெயில் நாட்களில் திறந்து வைக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. பூட்டைத் திறப்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. கோயில், மசூதி, இரவு உறைவிடம், பேருந்து நிலையம் ஆகியவற்றின் நிழலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. தண்ணீர்ப் பந்தல்களை அமைக்கும் அறச்சிந்தை அங்கே பல தலைமுறைகளாக இருந்துவருவது; அவை எங்கே தேவை, எங்கே இல்லை என்று பார்த்து நிரவுவது மட்டுமே நகராட்சியின் வேலையாயிற்று.

மனிதர்களிலும் அவ்வாறே. அங்கன்வாடிப் பணியாளரும் 'ஆஷா' எனப்படும் சுகாதாரத் தொண்டரும் குடிசைப் பகுதியின் ஒவ்வொரு வாசலையும் அறிந்தவர்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். செய்தித்தாள் விளம்பரம் போய்ச் சேராத இடத்துக்கு அவர்கள் போய்ச் சேருகிறார்கள். இவர்களுடைய ஊதியம் அவர்கள் சுமக்கும் பொறுப்புக்கு ஈடாக இல்லை என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். திட்டங்கள் பல இவர்களுடைய தோளில் ஏறி நிற்கின்றன. வெயிலில் வாசல் வாசலாகச் சென்று வெயிலைப் பற்றி எச்சரிக்கிற பெண்ணுக்கு நிழல் தருவது எந்தத் துறையின் பொறுப்பு என்பது எந்த ஏட்டிலும் தெளிவாக இல்லை.

அகமதாபாத்தின் தொழில் வரலாறும் இங்கே பொருத்தமுடையது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் நகரம் அது. 1980களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர்கள் தள்ளுவண்டிக்கும் கட்டட வேலைக்கும் வீட்டிலிருந்து செய்யும் கூலி வேலைக்கும் மாறினர். ஆலைக்குள் இருந்தவரை அவர்கள் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நிழலில் இருந்தார்கள். வேலையிடத்தின் காற்றோட்டம், வெப்பநிலை பற்றி அச்சட்டத்தில் தனிப் பிரிவே இருந்தது. தெருவுக்கு வந்தபின் அவர்களுடைய வேலையிடத்தின் வெப்பநிலையை அளப்பவர் எவருமில்லை. 1972இல் அந்நகரிலேயே இலா பட் தோற்றுவித்த சுயதொழில் மகளிர் சங்கம் இத்தகைய பெண்களைத் திரட்டியது. இச்சங்கத்தின் வழியாக வெப்பத்துக்கென்றே ஒரு காப்பீடு பின்னாளில் நடைமுறைக்கு வந்தது. 2024 கோடையில், வெப்பநிலை குறிப்பிட்ட அளவைக் கடந்தவுடன், பல மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பெண்களுக்குத் தலா 400 ரூபாய் வழங்கப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் 'இன்று வேலைக்குப் போகாதே' என்று எச்சரிக்கை விடுப்பவர், போகாவிட்டால் அன்றைய அடுப்புக்கு வழி என்ன என்பதற்கும் விடை சொல்ல வேண்டும் என்ற உண்மையை அது ஒப்புக்கொள்கிறது. எச்சரிக்கை மட்டும் தருகிற திட்டங்கள் பாதித் திட்டங்களே.

2017இல் குறைந்த வருவாய்க் குடியிருப்புகளின் சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் முயற்சி தொடங்கிற்று. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகலில் வாங்கிய வெப்பத்தை வீட்டுக்குள்ளேயே இறக்குகின்றன. வெள்ளைப் பூச்சு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வீட்டின் உட்புற வெப்பம் சில டிகிரி தணிகிறது. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது இந்நாட்டில் பழைய வழக்கம்தான். அதை ஏழையின் தகரத்துக்கும் கொண்டு சென்றதே இதில் புதுமை. பூச்சு புழுதியில் மங்கும், மழையில் கரையும். ஓராண்டு அடித்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போனால் மறு ஆண்டு கூரை பழையபடி காயும்.

விளைவும் ஐயமும்

திட்டத்தால் பயன் விளைந்ததா? 2018இல் வெளியான ஒரு மதிப்பீடு, திட்டத்துக்கு முந்தைய 2007 முதல் 2010 வரையிலான ஆண்டுகளையும் பிந்தைய 2014, 2015ஆம் ஆண்டுகளையும் ஒப்பிட்டு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. இந்த எண்ணைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர் உண்டு. அதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கடுமையான ஒரு கோடையைச் சந்தித்த மக்கள் தாமாகவே விழிப்படைந்திருக்கலாம். மருத்துவ வசதிகள் பொதுவாகவே மேம்பட்டிருக்கலாம். அந்த மாற்றங்களையெல்லாம் தனித்தனியே பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முழுமையாக இயலாது. 2016 மே 20 அன்று அகமதாபாத்தில் 48 டிகிரி பதிவாயிற்று. நூறாண்டுகளாக நின்ற பழைய உச்சத்தை அது முறியடித்தது. 2010ஐ ஒத்த பேரிழப்பு அம்முறை நேரவில்லை என்பதே பரவலான கருத்து. திட்டம் உதவியது என்று சொல்வதற்கு இடமிருக்கிறது. திட்டம் மட்டுமே உதவியது என்று சொல்வதற்கு இடமில்லை. ஓர் ஆண்டறிக்கை இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் துணியுமானால் அதைப் படிப்போரின் நம்பிக்கை குறையாது, வளரும்.

வெயிலிலிருந்து தீக்குச் சென்றால், அதே குறைபாடு வேறு வடிவில் தெரிகிறது. 2019 மே 24 அன்று சூரத்தில் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்தளத்தில் நடந்துவந்த பயிற்சி வகுப்பில் தீப்பற்றி 22 பேர் மாண்டனர், பெரும்பாலோர் மாணவர்கள். பலர் உயிர் தப்ப மேலிருந்து குதித்ததை நாடே பார்த்தது. 2020 ஆகஸ்ட் 6 அன்று அகமதாபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த தீயில் கொரோனா நோயாளிகள் எட்டுப் பேர் இறந்தனர். 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து 27 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்தையும் அடுத்துச் சில வாரங்கள் சோதனைகள் நடக்கின்றன, அறிவிப்புகள் குவிகின்றன, பூட்டுகள் தொங்குகின்றன. ஆண்டறிக்கையில் அறிவிப்புகளின் எண்ணிக்கை ஏறுகிறது. அறிவிப்பு பெற்ற கட்டடங்களில் எத்தனையில் இரண்டாவது படிக்கட்டு வந்தது, எத்தனையில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் உண்மையிலேயே வேலை செய்கின்றன, எத்தனை பூட்டுகள் மூன்றே மாதத்தில் கழற்றப்பட்டன என்ற எண்கள் அதில் காணப்படுவதில்லை. அனுப்பிய கடிதங்களின் எண்ணிக்கை அலுவலகத்தின் உழைப்பைக் காட்டும். மக்களின் பாதுகாப்பைக் காட்டாது.

சூரத்துக்கே இதற்கு நேர்மாறான ஒரு முன்னுதாரணமும் உண்டு. 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் நோய் பரவியதாக எழுந்த அச்சத்தில் லட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். அடுத்த ஆண்டு மே மாதம் ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ராவ், நகரை ஆறு மண்டலங்களாகக் கொண்டு மண்டல அதிகாரிகளுக்குச் செலவு அதிகாரத்தைப் பிரித்துத் தந்தார். அதிகாரிகள் நாள்தோறும் காலையில் தெருவில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். குப்பை அள்ளியதாக எழுதப்பட்ட குறிப்பைக் குப்பை கிடந்த இடத்திலேயே சென்று சரிபார்ப்பதே அதன் நோக்கம். 1996இல் இன்டாக் அமைப்பின் கணிப்பில் சூரத் நாட்டின் இரண்டாவது தூய்மையான நகரமாயிற்று. அதே ஊழியர்கள், அதே சட்டம். மாறியது சரிபார்க்கும் முறை. அந்தச் சரிபார்ப்பு தீயணைப்புத் துறையின் கோப்புகள் வரை நீண்டிருந்தால் 2019 மே மாதம் வேறு விதமாக முடிந்திருக்குமோ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆண்டின் முடிவு எப்போது?

நகராட்சிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. வெயிலின் ஆண்டோ அப்போதுதான் தொடங்குகிறது. முந்தைய ஆண்டின் ஒதுக்கீடு காலாவதியாகி, புதிய ஆண்டின் ஒதுக்கீடு கைக்கு வருவதற்குள் ஏப்ரல் கழிந்து மே பிறந்துவிடுகிறது. கூரைக்கு வெள்ளையடிப்பதற்கான ஒப்பந்தம் மழைக்காலத்தில் முடிவாவது இதனால்தான். அகமதாபாத் திட்டம் இதை உணர்ந்து தன் ஆண்டை வேறு விதமாகப் பகுத்துக்கொண்டது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆயத்தம். மார்ச் முதல் ஜூன் வரை செயல்பாடு. ஜூலைக்குப் பின் மதிப்பீடு.

இந்த மூன்றாவது பகுதியே எளிதில் கைவிடப்படுவது. மழை வந்தவுடன் வெள்ளமும் கொசுவும் அதிகாரிகளை அழைத்துக்கொள்கின்றன. முடிந்துபோன வெயிலைப் பற்றிக் கூட்டம் போட எவருக்கும் நேரமிருப்பதில்லை. அகமதாபாத்தைப் பின்பற்றி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வெப்பச் செயல்திட்டங்கள் உருவாயின. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 முதல் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. 2023இல் புதுதில்லியின் கொள்கை ஆய்வு மையம் இத்தகைய 37 திட்டங்களைப் படித்துப் பார்த்தது. எந்த மக்கள், எந்தப் பகுதி அதிகம் பாதிக்கப்படக்கூடும் என்ற மதிப்பீட்டை முறையாகச் செய்து காட்டியவை அவற்றில் இரண்டே. பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிப் பேசியவை 11. மற்றவற்றில் பல, ஒரு நகரத்தின் ஏட்டைப் பார்த்து மற்றொரு நகரம் எழுதிக்கொண்டவை போல இருந்தன. அகமதாபாத்தின் எல்லையான 41 டிகிரியைக் கடற்கரை நகரம் ஒன்று அப்படியே எடுத்துக்கொள்ளுமானால் அதனால் பயனில்லை. ஈரப்பதம் மிகுந்த ஊரில் 37 டிகிரியே உயிருக்கு உலை வைக்கக்கூடும். இரவிலும் புழுக்கம் தணியாத ஊரில் பகல் உச்சத்தை மட்டும் பார்ப்பது போதாது.

அவ்வூர்களுக்குத் தேவையான எல்லைகள் அவ்வூர்களின் பதிவேடுகளிலேயே இருக்கின்றன. இறப்புப் பதிவு இன்று பெரும்பாலும் கணினியில் நடைபெறுகிறது. 2023இல் திருத்தப்பட்ட பதிவுச் சட்டம் தேசிய அளவில் தரவுத் தொகுப்புக்கும் வகை செய்துள்ளது. நாள்வாரியாக, வார்டுவாரியாக, வயதுவாரியாக இறப்புகளைக் கூட்டிப் பார்ப்பதற்கு இப்போது பெரிய ஆய்வு நிறுவனம் வேண்டியதில்லை. புள்ளிவிவரப் பிரிவின் ஊழியர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை அது. மே மாதத்தின் இறப்புக் கணக்கை ஜூலையில் எடுத்து, வெப்பநிலைப் பட்டியலின் அருகில் வைத்து, எந்த வார்டில் எந்த வாரத்தில் எண் ஏறியது என்று குறித்து, அந்த வார்டின் உறுப்பினருக்கும் சுகாதார அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அது ஆகஸ்டில் அவர்கள் கைக்குக் கிடைத்தால், ஜனவரியில் தொடங்கும் வரவு செலவுத் திட்டப் பேச்சின்போது எந்தத் தெருவின் கூரைக்கு முதலில் வெள்ளையடிப்பது என்று கேட்பதற்கு அவர்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.